பதினான்காம் உணரி

இருபது உணரிகளின் விலையில் பாதியை அரசு கொடுத்தது.
மறுபாதி விஸ்மா விற்ற இரண்டு பசுக்கள்.
ஐந்தாண்டுக்கு ஒவ்வோர் உணரியும்
நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்,
பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
ஒப்பந்தம் இவ்வளவுதான்.
நாற்பத்தொரு பக்கமும் இதையே
வேறு வேறு எழுத்தளவில் சொல்கிறது.

நான் எண்ணிப் பார்க்க வந்தவன்.
யெல்கவா அலுவலகத்தில் என் பதவிக்கு நீளமான பெயர்.
வயல்காரர்கள் வைத்தது சின்னது:
எண்ணி.

அலுவலக மாடிப்படியில் ஒரு சுவரொட்டி,
நீல வானம், பச்சை வயல், வெள்ளைச் சட்டையில் ஒருவன்
கையிலிருக்கும் திரையைப் பார்த்துச் சிரிக்கிறான்.
அவன் கால்களை மட்டும் படத்தில் விட்டுவிட்டார்கள்.

இது ஏப்ரல். பனி உருகிய களிமண்.
இடது காலை எடுத்தால்
காலணி அங்கேயே நிற்கிறது.
குளிர்காலக் கோதுமை விரற்கடை உயரம்.

ஒவ்வொரு கழியின் முன்னும் நின்று படமெடுக்கிறேன்.
மூலையில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம்,
சில படங்களில் என் கட்டைவிரல்.
விஸ்மா பின்னால் வருகிறாள், பேச்சில்லாமல்.
ஆறாவதின் அருகே மட்டும் சொன்னாள்:
"இது புளுகும். நிறுவனத்துப் பையன்கள்
கல்லின் மேல் நட்டுவிட்டுப் போனார்கள்.
அடைமழையிலும் வறட்சி என்கிறது."

படிவத்தில் புளுகுக்குக் கட்டம் இல்லை.
உண்டு, இல்லை, இரண்டே கட்டம்.
உண்டு என்று குறித்தேன்.

பதின்மூன்று.
அப்புறம் பதினைந்து.
நடுவில் ஒரு குழி,
குழியில் நேற்றைய மழை.

"திருட்டா?"
கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
பதினான்கு பேசிக்கொண்டுதான் இருக்கிறது,
கால் மணிக்கு ஒருமுறை, பிசகாமல்.
அதன் முள்ளில் நான்கு கண்கள், நான்கு ஆழத்துக்கு.
கீழிருந்து ஈரம் நூறு, நூறு, நூறு.
மேல்கண் மட்டும் இருபத்தேழு.

வாய்க்கால் கரையோடு இறங்கினோம்.

இரும்புக் கம்பம் விலை அதிகம் என்று
விஸ்மாவே வெட்டி நட்டவை அந்தக் கழிகள்,
பட்டை சீவாத ஆஸ்பன்.
பீவருக்கு அது கம்பம் இல்லை, சாப்பாடு.
சாப்பிட்டு மிஞ்சியது, சுவர்.

வாய்க்காலுக்குக் குறுக்கே சேறும் சுள்ளியுமாய் ஓர் அணை.
மானியம் கேளாத கட்டுமானம்.
அதன் நெற்றியில் செருகியிருந்தது நம் கழி,
ஆண்டெனா வானம் பார்க்க,
முள் தண்ணீருக்குள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இங்கே ஆற்றோடு போனது
தானே அளந்துகொண்டிருந்தது.

"செவ்வாய் ராத்திரி மூன்று மணிக்கு
இரண்டாம் கண் நிறைந்தது" என்றாள்.
"எழுந்து ஓடி வந்தேன். ஒரு சாண் ஏறியிருந்தது.
மேல்கண்ணும் நிறைந்தால்
அந்தக் கீழ்மூலை முழுக்கப் போய்விடும்."
கை நீட்டிய இடத்தில்
நான் சற்றுமுன் காலணியை இழந்த கோதுமை.

படமெடுத்தேன்.
அனுமதித்த பிழை மூன்று மீட்டர்.
திரை சொன்னது: இருநூற்றுப் பன்னிரண்டு.
இல்லை என்று குறித்தால்
இருபதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும்,
அபராதம் தனி.
அவளுக்கும் அது தெரியும்.
தெரிந்தும் கேட்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
பார்வை எல்லாம் தண்ணீரில்.

கடைசிப் பக்கத்தில் குறிப்புக்கு ஒரு வரி உண்டு,
எண்பது எழுத்துக்குள்.
பதினோரு வருடத்தில் அதில் நான் எழுதியது
வானிலை மட்டும்.
உறைந்த விரலால் தட்டினேன்:
உண்டு. வேறு வேலையில்.

அனுப்பும் பொத்தானின் மேல் விரல் நிற்கும்போதே
அவள் பையில் மணி அடித்தது.
எடுத்துப் பார்க்கவில்லை விஸ்மா.
கரையேறி ஓடிக்கொண்டிருந்தாள்,
கொட்டகைப் பக்கம்,
மண்வெட்டிக்கு.

"எண்ணி!" என்று கத்தினாள், திரும்பாமலே.
"இரண்டு இருக்கிறது, வா!"